கேட்காமல் விட்டது

பிரிட்லிங்டன்
9 அக்டோபர் 2022

அன்புத் தங்கை லோர்னாவுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீயும் டென்சிலும் தீவில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் ஃபோன் போலீசிடம் இருக்கிறது. எல்லிஸும் நானும் அனுப்பிக்கொண்ட செய்திகளையெல்லாம் பார்க்க வேண்டுமாம். திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். புதிதாக ஒன்று வாங்கலாம்தான். வாங்கப் பிடிக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். எழுதினால் கொஞ்சம் நிதானம் வருகிறது.

அன்றைக்கு ஃபோனில் நான் உளறியதில் பாதி உனக்குப் புரிந்திருக்காது. ஒழுங்காகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துறைமுகத்தில், எல்லிஸ் வேலை பார்க்கும் படகுப் பட்டறைக்கு எதிரே உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தோம். பாதியில் பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்தான்.

"கொரின், நான் பொறந்தப்போ பொண்ணுன்னு சொல்லித்தான் எங்கம்மா கையில குடுத்தாங்க. எல்லிஸ்ங்கறது நானா வெச்சுக்கிட்ட பேரு."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"நான் ஆம்பளதான். பத்து வருஷமா ஹார்மோன் ஊசி போட்டுக்கறேன். ஆனா நீ நினைச்சுட்டிருக்கற உடம்பு இல்ல எனக்கு. எஞ்சின் வெடிச்சு வெந்துபோச்சுன்னு சொன்னது பொய். இனிமேலும் உன்கிட்ட மறைக்க முடியல."

உனக்கு நினைவிருக்கும், பழகிய புதிதில் அந்த விபத்தைப் பற்றி உன்னிடம் சொல்லி வருத்தப்பட்டேன். ஒன்றரை வருடமாக விளக்கை அணைத்த பிறகுதான் பக்கத்தில் வருவான். இங்கே தொடாதே என்றான், தொடவில்லை. அடிபட்ட மனுஷன், கூச்சப்படுகிறான் என்று மரியாதையாக இருந்தேன். அந்த மரியாதைக்குள்ளேயே அவன் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறான்.

நீ "இப்பவே போலீசுக்குப் போ" என்றாய். போனேன். ஹார்க்னெஸ் என்று ஒரு பெண் அதிகாரி, நல்லவள். நான் சொன்னதை வீடியோவில் பதிந்துகொண்டாள். நான் கொடுத்த சம்மதம் சட்டப்படி சம்மதமே ஆகாது என்றாள். அதைக் கேட்டபோது என்னிடமிருந்து இன்னொன்றையும் யாரோ எடுத்துக்கொண்டதுபோல இருந்தது.

எழுதும்போது 'அவன்' என்றுதான் வருகிறது. மாற்றி எழுதிப் பார்த்தேன். முகம் தெரியாத யாரையோ பற்றி எழுதுவதுபோல இருந்தது.

டென்சிலுக்கு என் அன்பைச் சொல்.

உன் அக்கா,
கொரின்


செயின்ட் ஆக்னஸ் தீவு
21 அக்டோபர் 2022

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. காற்று ஓயாமல் நாலு நாள் படகே வரவில்லை, அதனால்தான் தாமதம். நாங்கள் இருவரும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? டோஸ்டும் டீயுமாக ஓட்டாதே.

'அவன்' என்று எழுதாதே. அவள். ஒன்றரை வருடம் உன்னை ஏமாற்றியவளுக்கு அந்த மரியாதையையும் நீ ஏன் தர வேண்டும்? நீ போலீசுக்குப் போனது சரிதான். இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன். உன் புருஷன் ஓடிப்போன பிறகு ஏழு வருடம் ஒருவரையும் கிட்டே சேர்க்காமல் இருந்தவள் நீ. துணிந்து ஓர் ஆளை நம்பினாய். அந்த நம்பிக்கையை இப்படிச் செய்தால் எனக்கு வயிறு எரியாதா?

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் வரவில்லையா? கோர்ட்டில் இதைத்தான் கேட்பார்கள் என்று டென்சில் சொல்கிறார். பதிலை இப்போதே யோசித்து வைத்துக்கொள்.

இங்கே நார்சிசஸ் பூக்கள் மொட்டு விட்டுவிட்டன. இனி மார்ச் வரைக்கும் பறிப்பதும் கட்டுவதும் பெட்டியில் அடுக்குவதும்தான். எனக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் முடிந்தது. குறை ஒன்றும் இல்லையாம். டென்சிலையும் ஒருமுறை காட்டச் சொன்னார்கள். பூப்பறிப்பு முடியட்டும் என்கிறார். ஒரு குழந்தைக்காக ஆறு வருடம் காத்திருந்தாயிற்று, இன்னும் கொஞ்ச நாள்தானே.

தைரியமாக இரு.

உன் லோர்னா


பிரிட்லிங்டன்
11 டிசம்பர் 2022

அன்பு லோர்னா,

நலம். நலமறிய ஆவல். இருமல் மட்டும் விடமாட்டேன் என்கிறது.

எல்லிஸ் மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துவிட்டார்கள். என் பெயரைப் பத்திரிகையில் போடச் சட்டம் இடம் தராதாம். எல்லிஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பிறந்தபோது வைத்த பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, பள்ளிக்கூடத்தில் சடைபோட்டு எடுத்த போட்டோவைத் தேடிப்பிடித்துப் போட்டிருக்கிறார்கள். ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். இந்த ஊருக்குள் வரக்கூடாது, என்னோடு பேசக்கூடாது. கூல் என்ற ஊரில் அம்மா வீட்டில் இருக்கிறானாம்.

என் பெயர் வராவிட்டால் என்ன? எல்லிஸ் யாரோடு இருந்தான் என்று ஊருக்கே தெரியும். குளிர்காலத்தில், சுற்றுலாக்காரர்களுக்காக நான் ஓட்டும் குட்டிக் கடற்கரை ரயில் கிடையாது என்பதால், வழக்கம்போல பிங்கோ ஆட்டம் நடக்கும் ஹாலில் டீ விற்கப் போகிறேன். போன வாரம் ஒருத்தி டீ வாங்கிக்கொண்டே, "ஏன்டீம்மா, ஒன்றரை வருஷத்துல ஒரு நாள்கூட லைட்டு எரியலியா உங்க வீட்டுல?" என்றாள். பின்னால் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். "உங்க வீட்டுல எரிஞ்சு என்னத்தைக் கண்டே நீ?" என்றேன். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

உன் கேள்விக்குப் பதில்: சந்தேகம் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. பிரியமாக இருக்கும் ஆளை யாரும் சோதனை போட்டுப் பார்ப்பதில்லை லோர்னா.

ஹார்க்னெஸிடம் புகாரைத் திரும்பப் பெறலாமா என்று கேட்டேன். யாராவது மிரட்டினார்களா என்றாள். இல்லை என்றேன். "இது இப்போ உங்க வழக்கு இல்லீங்க. அரசாங்கத்தோட வழக்கு. நீங்க சாட்சி," என்றாள். இதை எழுதவே பயமாக இருக்கிறது. கடிதத்தையும் கேட்டு வாங்குவார்களோ என்னவோ. அதனால் மற்றதை எழுதவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய கம்பளி உறை காலுக்குச் சரியாக இருக்கிறது.

அக்கா


செயின்ட் ஆக்னஸ்
5 ஜனவரி 2023

அக்காவுக்கு,

புது வருடம் உனக்கு நல்லதாகப் பிறக்கட்டும். இருமலுக்கு மருந்து வாங்கினாயா?

திரும்பப் பெறுவதாவது. பயந்துவிட்டாயா, இல்லை பரிதாபமா? பரிதாபம் என்றால் நீ உன்மேல் பரிதாபப்படு. அந்த 'மற்றது' என்னவென்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் நீ தனியாக உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். என்னை மாதிரி வேலை செய். இங்கே விரலெல்லாம் பூக்காம்பின் பால் பட்டுப் பட்டுப் புண்ணாகி, நினைப்பதற்கே நேரம் இல்லை.

டென்சிலின் முதல் மனைவியின் பிள்ளை பெரன் வந்திருக்கிறான். இருபத்துநாலு வயதாகிவிட்டது. இரண்டு மாதம் பறிப்புக்கு ஒத்தாசையாக இருப்பான். நல்ல பையன், வாய் மட்டும் ஓயாது. மூன்று பேருக்குச் சமைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. மேஜை நிறைந்த மாதிரி இருக்கிறது.

எல்லாரும் உன்னை விசாரித்தார்கள்.

லோர்னா


செயின்ட் ஆக்னஸ்
14 மார்ச் 2023

அக்கா,

நலமா? பதில் போடாமல் இருந்துவிட்டேன். வேலை.

ஒரு சின்ன விஷயம். அந்த ஹார்க்னெஸ் அம்மாவைப் பார்த்தால் கேட்டுச் சொல். படுக்கைக்கு வருவதற்காகச் சொன்ன பொய் எல்லாவற்றுக்கும் போலீஸ் வருமா, இல்லை உன் விஷயம் மாதிரி சில பொய்களுக்கு மட்டும்தானா? இங்கே தெரிந்தவர் ஒருவர் கேட்டார்.

பெரன் ஊருக்குப் போய்விட்டான்.

லோர்னா


பிரிட்லிங்டன்
2 ஏப்ரல் 2023

அன்பு லோர்னா,

உன் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்து நான் பார்த்ததில்லை. உடம்பு சரியில்லையா? மறைக்காதே.

நீ கேட்டதை விசாரித்தேன். விசாரணை அக்டோபரில் என்று சொல்ல ஹார்க்னெஸ் வந்திருந்தாள். தெரிந்தவர் யாராக இருந்தாலும் பாவம், பதில் அவருக்குச் சாதகமாக இல்லை. கல்யாணம் ஆகவில்லை என்று பொய், பணக்காரன் என்று பொய், இதற்கெல்லாம் வழக்கு நிற்காதாம். குழந்தை பிறக்காதபடி ஆபரேஷன் ஆகிவிட்டது, பயப்படாதே என்று ஒரு பெண்ணிடம் பொய் சொன்ன ஆள் ஒருவன் விஷயத்தில்கூட, அது சம்மதத்தைக் கெடுக்காது என்று மேல் கோர்ட்டில் சொல்லிவிட்டார்களாம்.

"அப்போ எல்லிஸ் சொன்னது மட்டும் எப்படி?" என்றேன்.

"ஆணா பெண்ணாங்கறது அந்தச் செயலோடயே ஒட்டினதுன்னு சட்டம் நினைக்குதுங்க. மத்ததெல்லாம் அதோட பின்விளைவு சம்பந்தப்பட்டதாம்," என்றாள். அவளே அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குப் புரிந்த மாதிரியும் இருக்கிறது, புரியாத மாதிரியும் இருக்கிறது. ஏமாந்தவளுக்கு இப்படி வகை பிரித்தா வலிக்கும்?

கடற்கரை ரயிலைத் திரும்ப ஓட்ட ஆரம்பித்துவிட்டேன். கிளட்சில் ஒரு சத்தம் வருகிறது.

உன் உடம்பைப் பற்றி எழுது.

அக்கா


பிரிட்லிங்டன்
16 ஜூலை 2023

லோர்னா,

நாலு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நலமாக இருக்கிறாய் என்று மட்டுமாவது எழுது.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். போலீசிடம் சொல்லவில்லை. ஓர் அம்மா ரயிலில் ஏறினார். எழுபது வயதிருக்கும், மழைக்கோட்டு, கைப்பை. கடைசி நிறுத்தத்தில் இறங்கவில்லை. திரும்பவும் டிக்கெட் வாங்கிக்கொண்டு இந்தக் கோடிக்கு வந்தார். மறுபடியும் போனார். கூட்டம் இறங்கிய பிறகு என் பக்கமாக வந்து நின்றார்.

"நான் பெரில். எல்லிஸோட அம்மா."

"நீங்க என்கிட்டப் பேசக்கூடாதும்மா," என்றேன்.

"தெரியும். கெஞ்ச வரல. அதுக்கு நீ பயப்படாதே. அவன் பண்ணது தப்பு, முதல் வாரமே சொல்லித் தொலைடான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். சொன்னா நீ போயிடுவேன்னு பயந்தான். நீ எப்படி இருக்கேன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். அவ்வளவுதான்."

"நல்லாத்தான் இருக்கேன்."

"இல்ல. எளைச்சுட்டே," என்றார். கைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய இஞ்சிக் கேக்கை எடுத்து இருக்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மகனைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

அந்த அம்மாவுக்கே இத்தனை வயதில் எவ்வளவோ தூரம் வந்து என்னைப் பார்க்கத் தோன்றியிருக்கிறது. உன்னைப் பார்க்க நான் வர வேண்டாமா? கடைசியாக வந்த கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் டென்சிலின் பெயரைக் காணோம். ஒரு கடிதத்திலாவது டென்சில் பெயர் இல்லாமல் நீ எழுதியதுண்டா? அந்தத் 'தெரிந்தவர்' யார் லோர்னா?

அக்கா


செயின்ட் ஆக்னஸ்
3 ஆகஸ்ட் 2023

அக்கா,

உடம்பு நலம். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு பூக்கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் மத்தியானம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மீன் கறி நன்றாக வந்திருந்தது. நான் பெரனிடம் விளையாட்டாக, "உனக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ வந்தா தூக்கி வெச்சுக்குவியா?" என்றேன். அவன் சிரித்தான்.

"அப்பாவுக்கா? நான் பொறந்த கையோட குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டாரே. எங்கம்மா இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க, வலி தாங்காம ஒரு வாரம் ஐஸ் பட்டாணிப் பாக்கெட்டு மேல உக்காந்திருந்தாருன்னு."

டென்சில் மீனின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். தொடர்ந்து எடுத்தார். பெரன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். பாவம், அவனுக்குத் தெரியாது.

ஆறு வருடம் அக்கா. கசப்பு மூலிகை எத்தனை குடித்தேன். நாள் பார்த்து எத்தனை முறை அவரை வீட்டுக்குள் அழைத்தேன். வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனபோதெல்லாம் வெளியே காத்திருந்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நான் எதற்காகச் சம்மதித்தேன் என்று தெரிந்த ஆள். நடக்காது என்றும் தெரிந்த ஆள்.

அன்றிலிருந்து நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில்தான் படுத்துக்கொள்கிறார். உருளைக்கிழங்கின் விலையைப் பற்றிப் பேசுகிறார். உனக்கு ஃபோனில் ஒரே நொடியில் "போலீசுக்குப் போ" என்று சொன்னவள் நான். எனக்குப் போக ஒரு இடமும் இல்லையாம், நீதான் விசாரித்து எழுதியிருக்கிறாய்.

உன் எல்லிஸ் தானாக வந்து சொன்னான். அதற்காக மன்னித்துவிடு என்று நான் சொல்லவில்லை. தானாக வந்து சொன்னான், அவ்வளவுதான்.

விசாரணைக்கு வந்துவிடுகிறேன். உன் பக்கத்தில் உட்காருகிறேன்.

லோர்னா


பிரிட்லிங்டன்
29 அக்டோபர் 2023

என் கண்ணே லோர்னா,

பனிமூட்டத்தில் விமானம் கிளம்பாதது உன் தப்பா? எத்தனை முறை மன்னிப்புக் கேட்பாய். நீ அங்கே தனியாக அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ வரும் நாளுக்காகப் பின்னறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அறை இருக்கிறது.

கோர்ட் நடந்ததைச் சொல்கிறேன். எல்லிஸை நான் பார்க்காதபடி நடுவில் திரை வேண்டுமா என்றார்கள். வேண்டாம் என்றேன். கண்ணாடி அடைப்புக்குள் உட்கார்ந்திருந்தான். அம்மா வாங்கிக்கொடுத்ததாக இருக்க வேண்டும், கோட்டு தோளில் பெரிதாக இருந்தது. ஒருமுறை பார்த்தான். பிறகு கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அரசு வக்கீல், "உண்மை தெரிஞ்சப்போ என்ன உணர்ந்தீங்க?" என்றார்.

"கோவம்," என்றேன்.

"வேற?"

அவர் எந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரிந்தது. "அருவருப்புன்னு சொல்லணும்னு எதிர்பார்க்கறீங்க. அது வரல. வந்திருந்தா சொல்லியிருப்பேன்," என்றேன்.

எல்லிஸின் வக்கீல் ஒரு சின்னப் பெண். மென்மையாகத்தான் பேசினாள். பேசியது மென்மையாக இல்லை.

"ஒன்றரை வருஷம் ஒண்ணா இருந்திருக்கீங்க. உங்களுக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சுதான் இருந்தது, இல்லியா?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்களா?"

இதுதான் லோர்னா, அந்த 'மற்றது'. ஒரு வருடமாக உனக்குக்கூட எழுதாமல் வைத்திருந்தேன். முதல் நாளே சொல்லியிருந்தால் நான் ஒருவேளை சரி என்றிருப்பேன் என்று பல நாள் தோன்றியிருக்கிறது. பல நாள் நிச்சயமாக இல்லை என்றும் தோன்றியிருக்கிறது. "சொல்லியிருக்க மாட்டேன்" என்றால் அவன் வீட்டுக்குப் போவான். "சொல்லியிருப்பேன்" என்றால் ஊர் என்னைப் பார்த்துச் சிரிப்பது நிற்கும். கோர்ட்டில் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியல," என்றேன். "அந்தக் கேள்வியை அவன் என்கிட்ட கேட்டிருக்கணும். கேட்டிருந்தா பதில் என்னன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். கேக்காததால எனக்கே தெரியாம போச்சு. என் குறை அதுதான். அவன் பொம்பளைன்னு நான் குறை சொல்லல. என் வாயிலேருந்து வர வேண்டிய பதிலை அவனே சொல்லிக்கிட்டான்."

அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள்.

குற்றவாளி என்று தீர்ப்பு. இரண்டரை வருடம். ஹார்க்னெஸ் என் கையைப் பிடித்து, "ஜெயிச்சுட்டீங்க" என்றாள். பெரில் அம்மா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் வெளியே வந்த பிறகும் என்னை நெருங்கக் கூடாதென்று ஓர் உத்தரவு போடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். எதற்கு என்று கேட்காதே. எனக்கே தெரியாது.

அன்புடன்,
அக்கா


செயின்ட் ஆக்னஸ்
26 நவம்பர் 2023

அக்கா,

நலம். நேற்றுக் கேட்டுவிட்டேன். பூப்பெட்டிகளுக்கு அட்டை மடித்துக்கொண்டிருந்தோம். பகல் வெளிச்சம். முகத்தைப் பார்த்தே கேட்டேன்.

"பெரன் சொன்னது நிஜமா?"

"நீ கேக்கவே இல்லியே," என்றார்.

"ஆறு வருஷமா வேற என்ன கேட்டுட்டிருந்தேன் நான்?"

கொஞ்ச நேரம் அட்டையை மடித்தார். "சொன்னா நீ என்னைக் கட்டிக்கிட்டிருக்க மாட்டே. போகப் போக உனக்கு ஆசை விட்டுப்போயிடும்னு நினைச்சேன்." பிறகு ஆபரேஷனைப் பிரித்துத் திருப்பிச் செய்யலாம், விசாரித்துவிட்டேன், என்றார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. கையால் துடைத்தேனே தவிர, அழுகை என்னை ஒன்றும் செய்யவில்லை. பொல்லாத மனுஷன் இல்லை அக்கா. அதுதான் கஷ்டம். பொல்லாதவனாக இருந்திருந்தால் பெட்டியை அன்றைக்கே கட்டியிருப்பேன்.

எனக்கு முப்பத்தெட்டு முடிகிறது. அந்த ஆறு வருடத்தை எந்த ஆஸ்பத்திரியிலும் பிரித்துத் திருப்பித் தரமாட்டார்கள். மார்ச்சில் கடைசிப் பூப்பெட்டி ஏறியதும் நானும் படகு ஏறுகிறேன். அவரிடம் சொல்லிவிட்டேன். பறிப்புக்கு ஆள் இல்லாமல் விட்டுப்போக மனசு வரவில்லை, பூ என்ன பாவம் செய்தது.

பின்னறையில் வெயில் வருமா?

லோர்னா


பிரிட்லிங்டன்
10 மார்ச் 2024

அன்பு லோர்னா,

இதுதான் நான் உனக்குத் தீவுக்கு எழுதும் கடைசிக் கடிதம் என்று நினைக்கிறேன். வரும்போது கம்பளிகளை எடுத்து வா, இங்கே இன்னும் குளிர்காற்று அடிக்கிறது. காலையில் வெயில் வரும், மத்தியானம் வராது.

நேற்று எல்லிஸைப் போய்ப் பார்த்தேன். அவன் எழுதவில்லை, நான்தான் எழுதிக் கேட்டேன். பெண்கள் சிறையில்தான் வைத்திருக்கிறார்கள். குட்டைத் தாடியோடு வந்து எதிரே உட்கார்ந்தான். அங்கே இருக்கும் பெண்கள் அவனை "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறார்களாம். தண்ணீர்க் குழாய், சலவை மெஷின், எது கெட்டாலும் அண்ணனைக் கூப்பிடு என்கிறார்களாம். அதைச் சொன்னபோது கொஞ்சம் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

"உன் சாட்சியம் சரிதான் கொரின். எனக்கு உன்மேல கோவம் இல்ல. அத நீ தெரிஞ்சுக்கணும்," என்றான்.

"எனக்கு உன்மேல இருக்கு. ஆனா முன்ன மாதிரி இல்ல."

"இருக்கட்டும்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான் ஒண்ணு கேக்கலாமா? இல்லன்னு சொன்னாலும் சரிதான்," என்றான்.

"கேளு."

"அடுத்த மாசமும் வருவியா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவன் அவசரப்படுத்தவில்லை. வேறு பேச்சு எடுக்கவில்லை, என் முகத்தைப் படிக்கப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்து மேஜையில் ஒரு குழந்தை பிஸ்கட்டை உடைத்துக்கொண்டிருந்தது. வர வேண்டும் என்று ஒரு பக்கம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் நன்றாகத் தேடிப் பார்த்தேன், பையில் சாவி தேடுவதுபோல. கிடைத்தது.

"இல்ல எல்லிஸ். வரமாட்டேன்."

"சரி," என்றான். ஏன் என்று கேட்கவில்லை. கண் கலங்கியது, ஆனால் தலையை ஆட்டினான், நன்றி சொல்வதுபோல.

நான் எழுந்து வந்துவிடவில்லை. இன்னும் நேரம் இருந்தது. ரயில் கிளட்சின் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். எப்படிப்பட்ட சத்தம், வளைவிலா மேட்டிலா என்று கேட்டுக்கொண்டு, எந்தத் திருகாணியை எவ்வளவு தளர்த்த வேண்டும் என்று மேஜைமேல் விரலால் வரைந்து காட்டினான். மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம். போகும்போது என் கையைப் பார்த்தான். நானாகவே நீட்டினேன்.

நீ எந்த ரயிலில் வருகிறாய் என்று எழுது. ஸ்டேஷனில் நிற்கிறேன்.

என்றும் உன்
அக்கா